கலைக்கூடக் குடும்ப நாளுக்குப் போகலாமா? செந்தூல் வீடுகளில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மே மாதம் நெருங்கினால் போதும், புலனத்தில் (வாட்ஸ்அப்) கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "டீச்சர், இந்த வருஷம் எங்க போறோம்? டிக்கெட் எவ்வளவு? சின்னவனையும் தூக்கிட்டு வரலாமா?" நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, கோலாலம்பூர் கலைக்கூடங்களில் ஆண்டுதோறும் நடக்கும் குடும்ப நாள்களுக்கும் சமூக விழாக்களுக்கும் போய்வருகிறேன். கை கூடிய ஆண்டுகளில் பினாங்குக்கும் போவதுண்டு. ஒரே பதிலை நாற்பது பேருக்குத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்தக் கலைக்கூடத்திலும் எனக்குச் சம்பளம் கிடையாது. கீழே உள்ள கருத்தெல்லாம் என்னுடையவை, கோபம் உட்பட.

குடும்ப நாள் என்றால் அங்கே என்னதான் நடக்கும்?

ஒரு மேசையில் களிமண் பிசைவார்கள். இன்னொரு மேசையில் மெழுகு ஊற்றும் சந்திங் பேனாவைக் கையில் கொடுத்து பாத்திக் துணியில் கோடு இழுக்கச் சொல்வார்கள். மணிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் கூட்டமாக அழைத்துப்போய் நாலைந்து ஓவியங்களைக் காட்டி விளக்குவார். கீழ்த்தளத்தில் ஆட்டம், மேளம், கதை சொல்லல். வெளியே சாப்பாட்டுக் கடைகள், கைவினைக் கடைகள்.

இதில் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்வேன்: விளக்க நடைக்கு. அச்சடித்த தாளில் வண்ணம் தீட்டும் மேசை எல்லா இடத்திலும் இருக்கும், பிள்ளைகளும் அங்கேதான் ஓடுவார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். அசல் ஓவியத்தின் முன்னால் நிற்பதை வீட்டில் செய்ய முடியாது.

எந்த மாதங்களில் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்?

மே 18 அனைத்துலக அருங்காட்சியக நாள். 1977-ல் மாஸ்கோவில் கூடிய அனைத்துலக அருங்காட்சியக மன்றத்தின் மாநாட்டில் முடிவானது அது. அந்த வாரத்தை ஒட்டி நம் ஊரிலும் ஏதாவது நடக்கும். பிறகு பள்ளி விடுமுறைகள். ஆகஸ்ட் 31 மெர்டேகா என்னும் சுதந்திர நாளுக்கும் செப்டம்பர் 16 மலேசிய நாளுக்கும் இடைப்பட்ட இரண்டு வாரம் அறிவிப்பு மேல் அறிவிப்பாக வரும். தீபாவளியை ஒட்டி நம்மைத் தேடி வருவார்கள், அந்தக் கதை கீழே.

பினாங்குக்கு ஜூலை. 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்தத் தேதி பினாங்கில் பொது விடுமுறை. அதையொட்டிய நாள்களில் பழைய நகரத் தெருக்களே அருங்காட்சியகம் ஆகிவிடும்.

நிகழ்ச்சியின் நாளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன ஆண்டின் சுவரொட்டியைப் புலனத்தில் அனுப்பி யாரையும் அலைய விடாதீர்கள். இரண்டு முறை நடந்திருக்கிறது.

காசு எவ்வளவு ஆகும்?

பாலாய் செனி நெகாரா, அதாவது தேசியக் கலைக்கூடம், இலவசம். ஜாலான் பிஞ்சாயில் இருக்கும் இல்ஹாம் கலைக்கூடமும் இலவசம். சசானா கிஜாங்கில் உள்ள, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அருங்காட்சியகமும் இலவசம்தான். அங்கே பிள்ளைகளுக்கென்றே ஒரு கூடமும், மேலே ஓவியக் கூடமும் இருக்கின்றன. இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலும், தேசிய அருங்காட்சியகமான முசியும் நெகாராவிலும் சீட்டு வாங்க வேண்டும். மலேசியர்களுக்குக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும் இடங்கள் உண்டு என்பதால் மைகாட் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் மறக்க வேண்டாம்.

பட்டறைகளில் சிலவற்றுக்குப் பொருள் செலவென்று சில வெள்ளி (ரிங்கிட்) கேட்பார்கள். நாலு பிள்ளை இருக்கும் வீட்டில் அது பெரிய காசு. ஆளுக்கொரு பட்டறை என்று பிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்குத்தான் வேலை நன்றாகப் படிகிறது.

காடி (கார்) இல்லை. எப்படிப் போவது?

காடி இல்லாதது நல்லதாகப் போயிற்று, வார இறுதியில் இடம் தேடிச் சுற்ற வேண்டாம். செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் அடுத்த நிலையம் தித்திவங்சா. அங்கே புத்ராஜெயா வழித்தட எம்ஆர்டி ரயிலுக்கு மாறினால் அடுத்ததே கோலாலம்பூர் மருத்துவமனை நிலையம். அங்கிருந்து இஸ்தானா புடாயா என்னும் தேசிய அரங்கைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பக்கத்தில் தேசியக் கலைக்கூடம். அதே எம்ஆர்டியில் இன்னும் இரண்டு நிலையம் போனால், ராஜா ஊடா தாண்டி, அம்பாங் பார்க். இல்ஹாம் அங்கே இருக்கிறது. ஒரே வழித்தடத்தில் இரண்டு இலவசக் கலைக்கூடங்கள். செந்தூல்காரர்களுக்கு இதைவிட வசதி யாருக்கு?

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்திலிருந்தோ பாசார் செனியிலிருந்தோ நடக்கலாம். வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடப்பது தண்டனை. நாலு பேர் சேர்ந்து கிராப் வாடகைக் காடி எடுத்துவிடுங்கள்.

எங்களுக்குக் கலை ஒன்றும் தெரியாது. பிள்ளை கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பல குடும்பங்கள் வாசலோடு திரும்புவதும் இதனால்தான். சீட்டு, தூரம் எல்லாம் சாக்கு. "அது படிச்சவங்க போற இடம் டீச்சர்" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அவர் வீட்டு வாசலில் தினமும் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர். பதினைந்து புள்ளிக் கோலத்தைக் கை எடுக்காமல் முடிப்பவர் தனக்கு வடிவம் தெரியாது என்கிறார்!

பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் போதும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைன் என்பவரும், அபிகேல் ஹவுசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து வகுத்த முறை ஒன்று உண்டு. அதில் மூன்றே கேள்விகள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் இப்படிக் கேட்பேன்: "இங்க என்ன நடக்குது?" "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" "வேற என்ன தெரியுது?" அவ்வளவுதான். இரண்டாவது கேள்விதான் உயிர். மனதில் தோன்றியதைச் சொன்ன பிள்ளை அதற்குச் சான்று தேடித் திரும்பவும் படத்துக்குள் போகிறது.

ஒரு ஆண்டு மீன்பிடிப் படகுகள் இருந்த ஒரு நிலக்காட்சியின் முன்னால் நின்றோம். ஏழு வயதுப் பையன், "அவங்க எல்லாம் சண்டை போட்டுட்டாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "எல்லா படகும் ஒரு பக்கம் பார்த்து நிக்குது. அது மட்டும் திரும்பி நிக்குது." போய்ப் பார்த்தால், ஆமாம், ஒரு படகு மட்டும் திரும்பி நிற்கிறது. அந்த ஓவியத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெயர்ப்பலகையை முதலில் படிக்காதீர்கள். படித்ததும் பார்ப்பது நின்றுபோகிறது. பத்து நிமிடம் பார்த்த பிறகு படியுங்கள். ஒரு நாளைக்கு நாலு படம் போதும். எல்லா மாடியையும் ஏறி முடிக்க வேண்டும் என்று அப்பாமார்கள் அவசரப்படுவார்கள், கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்ப்பதுபோல. இலவச இடத்திலுமா அந்தக் கணக்கு?

தமிழில் விளக்கம் கிடைக்குமா?

பலகைகள் பொதுவாக மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். முன்கூட்டியே எழுதி, இருபது பேர் வருகிறோம், எங்களில் ஒருவர் தமிழில் சொல்வார், அனுமதி தருவீர்களா என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் சரி என்றார்கள். ஒரு இடத்தில் அவர்களுடைய வழிகாட்டி மலாயில் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். பாட்டிகள் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்கள்.

கூடத்துக்குள் தமிழில் சத்தமாகப் பேசத் தயங்குகிறோம், கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் தாராளமாகப் பேசிக்கொண்டுதான் போகிறார்கள்.

நம்மவர்கள் வரைந்த ஓவியம் ஏதாவது அங்கே உண்டா?

உண்டு. காட்சிகள் மாறிக்கொண்டே இருப்பதால் நீங்கள் போகும் நாளில் எது சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சையத் தாஜுதீன் 1943-ல் ராமநாதபுரத்துப் பக்கம் அழகன்குளத்தில் பிறந்தவர். சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பின் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்துத் திரும்பினார். ராமாயணக் காட்சிகளையும் மலாய்க் காவியங்களையும் சுவர் நிறையும் அளவில் வரைந்தவர். ஒரு முஸ்லிம் ஓவியர் அனுமனையும் சீதையையும் வரைந்திருக்கிறார் என்றதும் எங்கள் தாத்தா ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நிர்மலா தத் சண்முகலிங்கம் பினாங்கில் 1941-ல் பிறந்து 2016-ல் மறைந்தவர். 1973-லேயே குப்பையையும் புகைப்படங்களையும் வைத்துச் சுற்றுச்சூழலைப் பற்றிக் கலைப்படைப்பு செய்து, தேசியக் கலைக்கூடம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றார். "இது ஓவியமா?" என்று பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வைப்பவர். ஜோகூர் பாருவில் பிறந்த அனுரேந்திரா ஜெகதேவா மலேசிய இந்தியர் வாழ்க்கையைக் கிண்டலும் வலியுமாக வரைபவர்.

தேசியக் கலைக்கூடமே சின்னதாகப் பிறந்ததுதான். 1958 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மான் ஜாலான் அம்பாங்கில் திறந்துவைத்தபோது கையில் இருந்தது நன்கொடையாக வந்த நாலே நாலு படைப்புகள். 1984-ல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்கு மாறி, 1998-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. மெஜஸ்டிக்கில் இருந்த காலத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர். மர மாடிப்படி கிறீச்சிடும், பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டவும் முடியாது.

ஏன் எதையும் தொட விடமாட்டேன் என்கிறார்கள்? பிள்ளைகள் நாள் என்று சொல்லிவிட்டு?

கையில் அழுக்கில்லாவிட்டாலும் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். ஒருவர் தொட்டால் தெரியாது, ஓராயிரம் பேர் தொட்டால் தெரியும். கோயிலில் பழைய தூணைப் பாருங்கள், கை படும் உயரத்தில் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கும். கல்லுக்கே அந்தக் கதி என்றால் துணிக்கும் தாளுக்கும்?

வெளிச்சமும் அப்படித்தான். தாளில் வரைந்தது, நீர்வண்ணம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே வைப்பார்கள், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. நட்ட நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதனால்தான் உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தோன்றுகிறது. கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். குளிர்சாதனம் நடுங்க வைப்பதும் ஓவியங்களுக்காகத்தான், வெளியே நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் போகும்போது உள்ளே 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருக்க வேண்டும். சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனாவும் தண்ணீர் வண்ணமும் வேண்டாம். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். திரும்பும்போது இடிப்பது பிள்ளை இல்லை, பைதான்.

முன்பதிவு அவசியமா?

பட்டறைக்கு அவசியம். ஒரு முறை நான் வேன் நிறையப் பிள்ளைகளோடு போய் நின்றேன், இருபது இடம்தான், எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். தப்பு என்னுடையது. அன்று பிள்ளைகள் அழுதது இன்னும் காதில் கேட்கிறது.

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு நாம் போகலாமா?

போகலாம், போக வேண்டும். அது வழிபாட்டு இடம் இல்லை, அருங்காட்சியகம். பக்கத்தில் இருப்பது தேசியப் பள்ளிவாசல், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1998-ல் திறந்த இந்த இடத்தில் பன்னிரண்டு நிரந்தரக் கூடங்கள். அதில் ஒன்று முழுக்க இந்தியா. சீனாவுக்கும் மலாய் உலகத்துக்கும் தனித்தனிக் கூடங்கள். நகைக் கூடத்தில் எங்கள் அம்மாமார்கள் நின்றுவிட்டால் நகர்த்த முடியாது. "இந்த அட்டிகை எங்க ஆயா போட்டிருந்தது மாதிரியே இருக்கு" என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம்.

பிள்ளைகளுக்கு இரண்டு வேலை கொடுங்கள். ஒன்று, கட்டடக் கலைக் கூடத்தில் பள்ளிவாசல்களின் சிறிய மாதிரி வடிவங்களில் பிடித்ததை வரைவது. இரண்டு, கூரையில் தலைகீழாகக் கவிழ்ந்து தொங்குவதுபோல் இருக்கும் குவிமாடத்தைக் கண்டுபிடிப்பது. வடிவங்கள் திரும்பத் திரும்ப அடுக்கிப் பெருகும் வண்ண ஓடு பதித்த வேலைகளைப் பார்க்கும்போது கோலம் போடும் அம்மாக்கள் கண்டிப்பாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியும்.

சீட்டு வாங்காமல் பார்க்கக்கூடிய பெரிய ஓவியம் ஏதாவது?

முசியும் நெகாராவின் வெளிச்சுவர். 1963-ல் திறந்த கட்டடம். முகப்பின் இரு பக்கமும் இத்தாலியக் கண்ணாடித் துண்டுகளால் ஆன இரண்டு பெரிய சித்திரங்கள், ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். வடிவமைத்தவர் சியோங் லாய்தோங். வெளியே நின்று பிள்ளைகளைத் துண்டுகளை எண்ணச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் கைவிடுவார்கள், ஆனால் அதற்குள் நன்றாகப் பார்த்திருப்பார்கள்.

தீபாவளிக்கு நம் சங்கத்தை ஒரு கலைக்கூடம் அழைத்திருக்கிறது. என்ன செய்து காட்டலாம்?

கோலம் போடச் சொல்லியிருப்பார்கள். மருதாணி வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரு பரதநாட்டியம். சரிதானே? ஒவ்வோர் ஆண்டும் அதே மூன்றுதான். பேரங்காடிகளில் சாயம் ஏற்றிய அரிசியைக் கொட்டிப் போடும் மயிலையே கலைக்கூடத்திலும் போட்டால், நம்மைப் பற்றி அவர்களுக்குப் புதிதாக என்ன தெரியப்போகிறது?

கோலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் புள்ளி வைத்து இழுக்கும் கோலத்தைப் போட்டு, வந்தவர்கள் கையில் மாவைக் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். பூச்சி வரும் என்று அரிசி மாவுக்குத் தயங்குவார்கள். சுண்ணக்கட்டி போதும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாலை கட்டுகிறவர் ஒருவரை உட்காரவைத்து, நாரில் பூ ஏறும் வேகத்தைக் காட்டினால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது. உறுமி மேளம் செய்கிறவர், தோலை எப்படி இழுத்துக் கட்டுகிறார் என்று காட்டட்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டி உளியையும் பால் பிடிக்கும் மங்கு ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு, பட்டையில் எந்தச் சாய்வில் கோடு போட்டால் மரத்துக்கு வலிக்காது என்று சொல்லட்டும். அந்தக் கோடும் ஒரு வரைகலைதான். நம் ஆட்களில் பலருக்கே அது தெரியாது.

தைப்பூச ரதத்தைப் பற்றிப் பேசலாம். பினாங்கு நகரத்தார் 1894-ல் வரவழைத்த வெள்ளி ரதம் நூறு ஆண்டுக்கு மேலாகத் தெருவில் ஓடிய சிற்பம். அதை எந்தக் கூடத்திலும் அடைக்கவில்லை, மக்கள் தேங்காய் உடைத்து வழிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னால் "கோலம்தானே கேட்டாங்க, எதுக்கு வம்பு" என்பார் செயலாளர். அவரிடம் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

சமூகக் கண்காட்சிக்குப் பாட்டியின் பழைய படங்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

காட்டலாம், கொடுப்பதற்கு முன் நில்லுங்கள். என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்காக என் அப்பாவின் தோட்டத்துச் சம்பள அட்டையையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எடுத்த ஒரு படத்தையும் கேட்டு வாங்கிப் போனார்கள். பெருமையாகக் கொடுத்தேன், ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. கண்காட்சி முடிந்தது, பொறுப்பாளர் மாறினார், தொலைபேசி எண் மாறியது. அட்டை திரும்பி வரவே இல்லை. அப்பாவின் கைரேகை இருந்த ஒரே காகிதம் அது.

அதனால் கேட்க வேண்டியது இது: பார்வைக்கு மட்டுமா, கடனா, நன்கொடையா? கடன் என்றால் எந்தத் தேதிக்குத் திரும்ப வரும், யார் கையெழுத்துப் போடுகிறார்கள், தொலைந்தாலோ கிழிந்தாலோ என்ன செய்வார்கள், எல்லாம் தாளில் வேண்டும். நன்கொடை என்றால் அது இனி உங்களுடையது இல்லை. ஒழுங்கான அருங்காட்சியகம் இதைக் கேட்டால் கோபப்படாது, அவர்களே படிவத்தை நீட்டுவார்கள். கோபப்பட்டால் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் நல்ல நகல் போதும். கொடுக்கும் முன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், பின்னால் எழுதியிருக்கும் பெயரும் தேதியும் படத்தைவிட விலை உயர்ந்தவை.

வீட்டில் வைத்திருப்பவற்றுக்கும் இரண்டு வார்த்தை. லேமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பம் வேண்டாம், பசை படத்தைத் தின்றுவிடும். செல்லோடேப் கூடவே கூடாது. யார் யார் என்று பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறும். இன்றே எழுதுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் ஆறு பேரில் நாலு பேர் யாரென்று சொல்லப் பாட்டி ஒருவரால்தான் முடியும்.

பினாங்குக்குப் போனால் என்ன பார்ப்பது?

இரண்டு நாள் ஒதுக்குங்கள். மாநில அருங்காட்சியகம் லெபோ ஃபார்குவாரில், முன்பு பினாங்கு ஃப்ரீ பள்ளி இருந்த கட்டடத்தில் 1965-ல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கட்டடத்தின் ஒரு பாதி போய்விட்டது. பினாங்கில் கட்டடங்களைப் பழுதுபார்க்க மூடுவதும் திறப்பதும் வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாநிலக் கலைக்கூடம் டேவான் ஸ்ரீ பினாங்கில் இருக்கிறது.

பாத்திக்கை ஓவியமாக மாற்றிய சுவா தியான் தெங் பினாங்கில் வாழ்ந்தவர். பத்து ஃபெரிங்கியில் அவர் குடும்பத்தின் யாஹோங் கலைக்கூடம் உண்டு. சந்திங் பேனாவைப் பிடித்துப் பார்த்த பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் ஒவ்வொரு கோட்டுக்கும் மரியாதை வரும்.

ஆர்மேனியன் தெருவில் 2012-ல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன் வரிசை நிற்கும். எங்கள் பிள்ளைகளும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், தடுக்கவில்லை. அது வெயிலிலும் மழையிலும் மங்கிக்கொண்டே வருவதைக் காட்டி, உள்ளே 50 லக்ஸ் எதற்கு என்று அங்கே விளக்கினேன், உடனே புரிந்தது. ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனையான ஹின் பஸ் டெப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை குடும்பத்தோடு சுற்ற ஏற்றது. மதியம் லெபோ குயின் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே வாழை இலைச் சாப்பாடு.

கைக்குழந்தை, முட்டிவலிப் பாட்டி, சத்தம் தாங்காத பிள்ளை. மூவரையும் கூட்டிவரலாமா?

வரலாம். தேசியக் கலைக்கூடத்தில் சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே போகிறது, தள்ளுவண்டிக்கு நல்லது. பாட்டிக்கு மடக்கு நாற்காலி கேட்டு வாங்குங்கள், நம் ஆட்கள் கேட்கக் கூச்சப்பட்டு நின்றே சாவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை என்றால் திறந்த முதல் மணி நேரத்தில் வந்துவிட்டு, மேளம் தொடங்குமுன் ஏரிப் பக்கம் போய்விடுங்கள். காது மூடும் கருவி உதவும்.

சாப்பாடு?

உள்ளே கூடாது. துணுக்கு விழுந்தால் எறும்பு, எறும்பைத் தேடிப் பல்லி, அப்புறம் படத்துக்கு ஆபத்து. தித்திவங்சா ஏரிப் பூங்கா பக்கத்தில்தான். புளிச்சோறோ நாசி லெமாக்கோ கட்டிக்கொண்டு வந்து புல்லில் உட்காருங்கள். காலையில் பார்த்த படங்களைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகப் பேசுவது அங்கேதான்.

பதினாலு வயதுப் பையன் வரமாட்டேன் என்கிறான்.

அவனுக்கு வேலை கொடுங்கள். படம் எடுப்பது, சின்னப் பிள்ளைகளை எண்ணுவது, ரயில் நேரம் பார்ப்பது. ஃபிளாஷ் போடக்கூடாது, மற்ற வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைக் கேட்காமல் பதிவேற்றக்கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். எங்கள் குழுவில் இப்படிக் கைப்பேசியும் முகச்சுளிப்புமாக வந்த ஒருவன், மூன்றாம் ஆண்டில் விளக்க நடையைத் தானே நடத்தினான். மற்றொருவன் இன்னும் முகச்சுளிப்போடுதான் வருகிறான். ஆனால் வருகிறான்.

உங்களோடு சேர்ந்து வரலாமா?

தாராளமாக. சனிக்கிழமை காலை 9 மணி, செந்தூல் எல்ஆர்டி படிக்கட்டின் கீழே. 9.15க்குக் கிளம்பிவிடுவேன், தமிழர் நேரம் பார்க்கமாட்டேன். குடை கொண்டுவாருங்கள், தித்திவங்சாவில் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும்.